ஈயத்தின் இரண்டு தாவல்கள்

தேனியில் நான் வேலை பார்த்த நீர் ஆய்வகத்துக்குப் போன மாதம் புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. மாதிரியை வைத்து மூடிவிட்டால் ஏகப்பட்ட தனிமங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுமாம். அதை இயக்குகிற ரம்யா என்னை வரச் சொல்லிக் காட்டினாள். காபி குடிக்கும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு எப்படி மேடம் துணிந்து கையெழுத்துப் போட்டீர்கள் என்று. நான் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, சிரித்து விடுகிற கேள்வி இல்லை அது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். கொடிக்கு நோய் வராமலிருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பார்கள். அப்பாவின் வேட்டி, விரல் நகம், மோட்டார் ரூம் சுவர் எல்லாமே நீலமாக இருக்கும். மதுரையில் எம்.எஸ்சி. படிக்கும்போது, அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்று பேராசிரியர் பலகையில் வரைந்து காட்டினார். தாமிர அயனியின் d ஆர்பிட்டால்களில் பத்து எலக்ட்ரான்களுக்கு இடம் உண்டு. ஒன்பதுதான் இருக்கின்றன. அந்த ஓர் இடம் காலியாக இருப்பதால்தான் நிறம். விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் பெருமையாக விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப காலியாக் கெடக்கிற எடந்தான் என் வேட்டியக் கெடுக்குதாக்கும்" என்றார். அந்தப் பாடத்தை அவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

படிப்பு முடிந்ததும் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அங்கே தலைமை வேதியியலர் கோபாலன் சார். குமுளிப் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மலையாளம் பேசுவார், திருப்தி வந்தால் "மதி" என்பார். போதும் என்று பொருள். பாராட்டு என்று அவரிடமிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். எவ்வளவு சின்னவர்களாக இருந்தாலும் "நீங்க" என்றுதான் பேசுவார். நாங்கள் இயந்திரத்தில் வேலை செய்யும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். முடிவை எடுத்துக்கொண்டு போனால் அதைப் பார்ப்பதற்கு முன் பிளாங்க் என்ன என்று கேட்பார். பிளாங்க் என்றால் சுத்தமான நீரில் அதே அமிலம், அதே குடுவை, அதே வேலை எல்லாம் செய்து எடுக்கிற அளவு. "தண்ணியில எவ்வளவு இருக்குங்கிறது அப்புறம். ஒண்ணும் இல்லாத தண்ணியில எவ்வளவு இருக்கு, அதச் சொல்லுங்க முதல்ல" என்பார். அதைச் சொல்லத் தெரியாதவர்களின் தாளை அவர் கையால் வாங்கவே மாட்டார்.

முதல் நாள் என்னிடம் அவர் கேட்டது, ஈய அணுவின் கடைசி எலக்ட்ரானுக்கு நான்கு குவாண்டம் எண்களும் என்ன என்று. வேதியியல் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அணுவுக்குள் ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் நான்கு எண்கள் உண்டு. முதல் எண், அது எத்தனையாவது கூட்டில் இருக்கிறது என்று சொல்லும். இரண்டாவது எண், அந்த எலக்ட்ரான் உலவுகிற இடமான ஆர்பிட்டாலின் வடிவத்தைச் சொல்லும். பூஜ்யம் என்றால் உருண்டையான s, ஒன்று என்றால் இரண்டு குமிழ்கள் ஒட்டியதுபோன்ற p, இரண்டு என்றால் இன்னும் சிக்கலான d. மூன்றாவது எண் அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதற்கு. நான்காவது சுழற்சிக்கு. ஓர் அணுவுக்குள் எந்த இரண்டு எலக்ட்ரானுக்கும் நான்கு எண்களும் ஒன்றாக இருக்காது.

ஆறு, ஒன்று என்று முதல் இரண்டையும் சொன்னேன். ஈயத்தின் கடைசி எலக்ட்ரான் 6p-யில் இருக்கிறது. மூன்றாவதைக் கேட்டார். மைனஸ் ஒன்று, பூஜ்யம், ஒன்று, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. காந்தப் புலம் இல்லாமல் இன்னதுதான் என்று சொல்ல முடியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். "மதி" என்றார். அடுத்த "மதி" வாங்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

எங்கள் இயந்திரம் அணு உறிஞ்சலை அளப்பது. நீண்ட, நீல நிறச் சுடர் ஒன்று எரியும். அதற்கு ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியை அளக்கும் கருவி. ஈயத்தைத் தேட வேண்டுமானால் ஈயத்தாலேயே செய்த விளக்கைப் பொருத்த வேண்டும். மாதிரி நீரைச் சுடருக்குள் தெளித்தால் அதிலிருக்கும் ஈயம் தனித்தனி அணுவாகும். அந்த அணுக்கள் ஈய விளக்கின் ஒளியை மட்டும் விழுங்கிக்கொண்டு ஒரு படி மேலே தாவும். எவ்வளவு ஒளி குறைந்ததோ அவ்வளவு ஈயம். மற்ற உலோகங்கள் அந்த ஒளியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதன் அழகில் நான் எத்தனையோ நாள் சொக்கிப்போயிருக்கிறேன்.

இனி அந்தக் கோடைக்கு வருகிறேன். கோபாலன் சார் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. கடமலைக்குண்டுக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே குழந்தைகளுக்கு ஒருவர் பின் ஒருவராக வயிற்று வலி. சோகை பிடித்தமாதிரி வெளிறிப்போனார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா இளம் வயது, கவனமானவர். ஒரு பையனின் ஈறு ஓரத்தில் கருநீலக் கோடு இருப்பதைப் பார்த்து ஈய விஷமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். ஊருக்கு அப்போது ஒரே தண்ணீர், மாயக்காள் என்ற அம்மாளின் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு. பொதுக் குழாய் வறண்டதும், அவராகவே மோட்டாரைப் போட்டுவிட்டு எல்லாரையும் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். டாக்டரம்மா அந்தத் தண்ணீரை எங்களுக்கு அனுப்பினார்.

மாதிரியோடு ஓர் அதிகாரியும் ஜீப்பில் வந்தார். முடிவைக் கையோடு வாங்கிப் போக வேண்டும் என்றார். "குடிக்க உகந்ததல்ல" என்று எழுதிய பலகை ஜீப்பிலேயே இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகள் விஷயம், அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

குடிநீரில் ஈயம் இருந்தாலும் மிகக் குறைவாகத்தான் இருக்கும். அதனால் நீரில் நைட்ரிக் அமிலம் விட்டு, கொதிக்காமல் மெல்லச் சூடாக்கி, பத்தில் ஒரு பங்காகச் சுண்டவைப்போம். அப்படியே செய்தேன். ஈய விளக்கைப் பொருத்தி, சூடேறவிட்டு, 217 நானோமீட்டர் அலைநீளத்தில் வைத்தேன். நுட்பமாக அளக்க அதுதான் ஏற்றது. பிளாங்க் சரியாக இருந்தது. அளவு தெரிந்த கரைசல்கள் வரிசையாகச் சரியாக வந்தன. மாயக்காள் கிணற்றுத் தண்ணீரை வைத்தேன். அனுமதித்த அளவைப்போலப் பல மடங்கு காட்டியது.

என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, போதும், எழுதிக் கொடுங்கள் என்றார்.

எனக்கு எழுத வரவில்லை. சுடர் நீலமாக இல்லை. கெட்டி மஞ்சளாக எரிந்தது. அவ்வளவு உப்பு. நீரைச் சுண்டவைத்தபோது உப்பையும் பத்து மடங்கு ஆக்கியிருந்தோம். உப்புத் துகள்கள் சுடருக்குள் புகைபோல நின்று ஒளியைச் சிதறடித்தாலும் அந்தக் கருவிக்கு அது ஈயம் மாதிரியேதான் தெரியும். அப்படிப்பட்ட பொய்யைக் கழிப்பதற்கென்று தனி விளக்கு ஒன்று உண்டு. எங்களுடையது பழுதாகி, புதியது வரும் வரும் என்று காத்திருந்த நேரம் அது.

அப்போதுதான் அந்த 6p எலக்ட்ரான் எனக்குக் கைகொடுத்தது. எலக்ட்ரான் ஒளியை விழுங்கித் தாவும்போது அதன் இரண்டாவது குவாண்டம் எண் ஒன்று கூட வேண்டும் அல்லது ஒன்று குறைய வேண்டும். p-யிலிருந்து d-க்குப் போகலாம், s-க்குப் போகலாம். 217 என்பது ஈயத்தின் எலக்ட்ரான் 6p-யிலிருந்து 6d-க்குத் தாவும் ஒளி. அதே எலக்ட்ரான் 7s-க்குத் தாவினால் அதற்கு வேறு ஒளி, 283. தாவிச் சேரும் இடம்தான் வேறு. கிளம்பும் இடம் ஒன்றே. ஆகவே தண்ணீரில் உண்மையிலேயே ஈயம் இருந்தால் இரண்டு ஒளியும் ஒரே அளவைச் சொல்லியாக வேண்டும். உப்புப் புகைக்கு ஆர்பிட்டால் தெரியாது. அது அலைநீளம் குறையக் குறைய அதிகமாகச் சிதறடிக்கும், அவ்வளவுதான்.

திருகை 283-க்கு நகர்த்தினேன். தெரிந்த கரைசல்களை மறுபடி வைத்தேன், பிறகு கிணற்றுத் தண்ணீர். ஈயம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

அதிகாரிக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். ஒரே தண்ணீருக்கு இயந்திரம் இரண்டு பதில் சொன்னால் யாருக்குத்தான் வராது.

"ஈய விளக்குதானே போட்டிருக்கீங்க? அது காட்டுறது ஈயம்தானே?" என்றார்.

"ஈயம்னா ரெண்டு எடத்துலயும் ஒண்ணு போலச் சொல்லணும் சார். சொல்லல. இதுல எவ்வளவு ஈயம், எவ்வளவு உப்புன்னு எனக்கு இப்பத் தெரியாது. தெரியாம எழுத மாட்டேன்."

"பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"நாந்தான் சார்" என்றேன்.

பின்னால் கட்டிய கையோடு நின்றிருந்த கோபாலன் சார், ஊருக்கு லாரியில் தண்ணீர் அனுப்பிவிட்டு எங்களுக்கு நாளை வரை நேரம் கொடுக்கும்படி அதிகாரியிடம் சொன்னார். "போர்டு நாளைக்கும் வைக்கலாம். தப்பா வெச்சா, எடுத்த அப்புறமும் அந்தக் கிணத்துல யாரும் தண்ணி எடுக்க மாட்டாங்க" என்றார். அதிகாரி யோசித்துவிட்டு லாரிக்குப் போன் செய்தார்.

வராந்தாவுக்கு வந்தால் மாயக்காள் நின்றுகொண்டிருந்தார். தோட்டத்துச் சேலையோடு பஸ் ஏறி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏங் கிணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் பிள்ளைகளுக்கு ஆகாமப் போச்சுன்னு சொல்றாக. நேத்து வரைக்கும் ஆத்தா ஆத்தான்னு வந்தவுக, இன்னைக்கு வாசலத் தாண்டிப் போறாக. இருந்துச்சுன்னா இருக்குன்னு சொல்லிருங்கம்மா, நானே மண்ணப் போட்டு மூடிர்றேன். இல்லாதத இருக்குன்னு மட்டும் சொல்லிறாதீக."

இருப்பதை இருக்கிறபடி சொல்கிறேன் என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை.

அன்று இரண்டு வேலை செய்தேன். முதலாவது, அந்தத் தண்ணீரில் இருந்த உப்புகளை எல்லாம் அதே அளவில் சுத்த நீரில் கரைத்து, ஈயமே இல்லாத ஒரு போலித் தண்ணீர் தயாரித்தேன். 217-ல் அதுவும் ஈயம் என்று காட்டியது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. இரண்டாவது, கிணற்று நீரில் ஈயத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் மருந்தைச் சேர்த்து, தண்ணீரோடு கலக்காத ஒரு கரைப்பானை ஊற்றி, பிரிபுனலில் வைத்துக் குலுக்கினேன். ஈயம் இருந்தால் மேலே மிதக்கும் கரைப்பானுக்குள் ஏறிவிடும். உப்பு கீழே தண்ணீரிலேயே நின்றுவிடும். குலுக்கி, வாயுவைத் திறந்துவிட்டு, மறுபடி குலுக்கி, இரண்டு அடுக்கும் பிரியும்வரை காத்திருந்து, கீழ் அடுக்கைச் சொட்டுச் சொட்டாக வடிக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் வீண். செய்முறை சரிதானா என்று அறிய, தெரிந்த அளவு ஈயத்தை நானே சேர்த்த இன்னொரு புட்டிக்கும் அப்படியே செய்தேன். சேர்த்தது முழுவதும் திரும்ப வந்தது.

மறுநாள் காலை அந்த மேல் அடுக்கைச் சுடரில் வைத்தபோது சுடர் மஞ்சளாகவில்லை. கிணற்றுத் தண்ணீர் 217-லும் 283-லும் ஒரே அளவைச் சொன்னது. அனுமதித்த அளவுக்குக் கீழே, மிகவும் கீழே. எல்லாவற்றையும் கோபாலன் சார் மேசையில் பரப்பினேன். பிளாங்கிலிருந்து தொடங்கினேன். கேட்டு முடித்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு, "தண்ணியில இல்ல. பிள்ளைங்க உடம்புல இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க. நடுவுல என்ன இருக்கு?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். அன்று மத்தியானமே டாக்டரம்மாவோடு அந்த ஊருக்குப் போனேன்.

கிணறு சுத்தம் என்று அதிகாரியே ஊர் நடுவில் படித்துச் சொன்னார். மாயக்காள் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தார். ரசம் ஊற்ற ஒரு பித்தளைப் பாத்திரத்தைத் தூக்கி வந்தார். உள்பக்கம் புத்தம்புதிதாகப் பளபளத்தது. எப்போது ஈயம் பூசியது என்று கேட்டேன்.

"பொங்கல் வைக்கிறதுக்கு முன்னாடி ஈயம் பூசுறவரு வந்தாக. தெருவே குடுத்துச்சு" என்றார்.

நம் பேச்சில் இரண்டு உலோகங்களுக்கும் ஈயம் என்றே பெயர். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். சமையலுக்குக் கெடுதல் இல்லாதது. விஷமானது காரீயம். அது விலை குறைவு, உருக்கிப் பூசினால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் மினுங்கும். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பாத்திரத்தின் உள்பக்கம் அழுத்தித் தேய்த்தேன். பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் இழுத்தது. வெள்ளீயம் அப்படி இழுக்காது. இலையில் விழுந்திருந்த சோற்றை மூடிவிட்டு எழுந்தேன்.

வீடு வீடாகப் பாத்திரங்களைப் பார்த்தோம். நோய் வந்த குழந்தைகளின் வீடுகளிலெல்லாம் அந்தப் பூச்சு இருந்தது. புளித்தண்ணீரை அந்தப் பாத்திரங்களில் ஊற்றி ஊறவைத்துத் தேனிக்குக் கொண்டுவந்து சோதித்தேன். இரண்டு ஒளியும் இம்முறை ஒத்துப்போயின. அளவு பயங்கரமாக இருந்தது. புளிக்குழம்பிலும் ரசத்திலும் பூச்சு கரைந்து தினம் குழந்தைகளின் வயிற்றுக்குப் போயிருக்கிறது. அந்த முடிவில் முதல் கையெழுத்து நான் போட்டேன். கோபாலன் சார் தன்னுடையதை அதற்குக் கீழே போட்டார். அந்த வரிசை வழக்கத்துக்கு மாறானது. நான் சொன்னபோது, "நீங்க கண்டது, நீங்க போடுங்க" என்றார்.

குழந்தைகளின் இரத்தம் மதுரைக்குப் போனது. டாக்டரம்மாவின் சந்தேகம் சரி என்று வந்தது. பாத்திரங்கள் எல்லாம் விலக்கப்பட்டன. மிகவும் முடியாமலிருந்த இரண்டு குழந்தைகளை மதுரையில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். மழைக்காலம் வருவதற்குள் அந்த இரண்டும் உட்பட எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். கிணற்றுக்குப் பலகை வைத்திருந்தால் எல்லாரும் வேறு தண்ணீருக்கு மாறியிருப்பார்கள், அதே பாத்திரத்தில் சமைத்திருப்பார்கள், நோய் மட்டும் போயிருக்காது. என் வேலையைப் பற்றி நான் தலை நிமிர்ந்து பேசுகிறேன் என்றால் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

கதை அதோடு முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஆய்வக வாசலில் ஒருவர் கோணிப்பையோடு வந்து நின்றார். பெயர் காசி, ஆண்டிபட்டிக்காரர். ஈயம் பூசியவர் அவர்தான். ஊர்க்காரர்கள் தேடிப்பிடித்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் ஈயம் என்று சொல்லி விற்ற கட்டியைத்தான் அவர் நம்பி வாங்கியிருந்தார். அவருக்கே அந்தக் கோடை முழுவதும் வயிற்று வலி.

"இனிமே கேட்டுக்கிட்டுத்தான் பூசுறதுன்னு இருக்கேம்மா. இதுல எது நல்லது, எது கெட்டதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்று பையைக் கவிழ்த்தார். நான்கைந்து கடைகளில் வாங்கிய கட்டிகள் இருந்தன.

நாங்கள் தண்ணீர் ஆய்வகம். உலோகத்துக்குப் பதிவு எண் கிடையாது. கோபாலன் சாரிடம் கேட்டேன். "பாத்திரத்துல தண்ணிதானே ஊத்துறாங்க" என்று சொல்லிவிட்டுப் பதிவு எண் போடச் சொன்னார்.

ஒவ்வொரு கட்டியிலும் கொஞ்சம் சுரண்டி, அமிலத்தில் கரைத்து, ஈய விளக்கின் முன்னால் வைத்தேன். வெள்ளீயமும் காரீயமும் தனிம அட்டவணையில் மேலும் கீழுமாக இருக்கிற அண்ணன் தம்பி. இரண்டுக்கும் கடைசி எலக்ட்ரான் p-யில்தான் இருக்கிறது. வடிவம், திசை, சுழற்சி, மூன்று எண்களும் ஒன்றாகவே இருக்கலாம். முதல் எண்ணில் மட்டும் ஒன்று வித்தியாசம். ஐந்து என்றால் சமைத்துச் சாப்பிடலாம். ஆறு என்றால் குழந்தைக்கு விஷம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த அந்தக் கட்டிகளை அந்த விளக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தது. இரண்டுதான் தேறின. காசி மற்றவற்றைத் தனியே கட்டி வைத்தார், எந்தக் கடை என்று அடையாளம் சொல்லி. அந்தக் கடைகளுக்கு அதிகாரியே நேரில் போனார்.

நல்ல கட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு காசி கிளம்பாமல் நின்றார். இனி யார் தன்னிடம் பாத்திரம் கொடுப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் வரச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த பித்தளை உருளி ஒன்று பூச்சு போய்க் கிடந்தது. அதை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். காசி வளாகத்து மரத்தடியில் அடுப்பு மூட்டி, பாத்திரத்தைக் காயவைத்து, பூச்சு ஒட்டுவதற்கு நவச்சாரத்தைத் தூவி, கட்டியை உருக்கித் துணியால் ஒரே சுற்றில் வழித்துவிட்டார். அலுவலகமே நின்று வேடிக்கை பார்த்தது. ஆறியதும் தாளால் தேய்த்துப் பார்த்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, புளி கரைத்து ரசம் வைத்தேன். முதல் கரண்டியை என் மகளின் தட்டில் ஊற்றினேன். அவளுக்கு அப்போது நான்கு வயது.